கொண்டை அணியாக இருக்கலாம்

என் மகளின் மாமனாரும், இரண்டு குடும்பத்துக்கும் மூத்தவரும், கணக்குத் தணிக்கைத் துறையில் ஒரு புள்ளிப் பிழையைக்கூட ஓட விடாமல் பிடித்து ஓய்வு பெற்றவருமான என் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் முழங்கால் வலி நீங்கலாக நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேரனும், பல் நீங்கலாக, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மன்னிக்க வேண்டும். பல் பேச்சைப் பிறகுதான் எடுப்பதாக இருந்தேன், கை முந்திக்கொண்டது. பேனாவால் எழுதியதை அடித்தால் மரியாதைக் குறைவாகத் தெரியும் என்பதால் அப்படியே விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் தனியாக, முடிந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டும். விஷயம் நம் இருவருக்குள் இருப்பதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது.

நான் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்து, மீட்டர் பார்ப்பவர்களைப் பார்க்கும் வேலையில் ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. பணிக்காலம் முழுக்க இரும்பு மூடி எங்கே, குழாய் எங்கே என்று தலையைக் குனிந்தே நடந்து பழகியதில், ஓய்வுக்குப் பிறகு டாக்டர் "நல்லா நிமிர்ந்து காத்தாட நடங்க" என்று சொன்னபோது எனக்கு வழி தெரியாமல் போய்விட்டது. நிமிர்ந்து நடந்தால் எங்கே போகிறோம் என்றே புரிவதில்லை. இரண்டு முறை வேறொருவர் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டேன். நல்லவேளையாக, மண்ணுக்குள் புதைந்துபோன வால்வுகளைக் கண்டுபிடிக்க வாரியம் வைத்திருந்த பழைய கருவி ஒன்று, நீளக் கம்பும் அடியில் வட்டத் தட்டும் காதில் மாட்ட ஹெட்போனுமாக இருக்குமே அது, புதியது வந்ததால் கழித்துக் கட்டப்பட்டது. என்னையும் அதே மாதம் கழித்துக் கட்டியதால் இரண்டையும் சேர்த்து மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது என் மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல எது ரிப்பேர்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கருவியோடு நான் தினமும் காலையில் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கேதான் கேப்டன் பழக்கமானார். அவர் படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கரையை விட்டு நகர்ந்ததில்லை. ஆனாலும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றதால் ஊர் அவரைக் கேப்டன் ஆக்கிவிட்டது, அவரும் மறுக்கவில்லை. எங்களுக்குள் வேலைப் பங்கீடு தானாகவே அமைந்தது. நான் தோண்டி எடுப்பேன், அவர் அது என்னவென்று சொல்வார். அவருக்குத் தெரியாத பொருள் என்று ஒன்று இல்லை. குடைக்கம்பி ஒன்றை எடுத்தேன். பழங்கால வாளின் நடுநரம்பு என்றார். துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்றை மூச்சு வாங்க எடுத்தேன். பீரங்கிக் குண்டு என்றார், எந்தக் கப்பலிலிருந்து எந்தக் கப்பலை நோக்கிச் சுட்டது என்பதுவரை கையை நீட்டிக் காட்டினார். அதைத் தேய்த்து எண்ணெய் பூசி வரவேற்பறை அலமாரியில் வைத்திருந்தேன். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் தண்ணீர் பில் விஷயமாகச் சந்தேகம் கேட்க வந்தவர், அலமாரியைப் பார்த்து, "சார், இது எங்க ஸ்கூல் குண்டெறியிற குண்டு சார். போன வருஷம் பசங்க பீச்சுல வெச்சு எறிஞ்சு பாக்கறோம்னு தொலைச்சுட்டு வந்தாங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பில் சந்தேகத்தைக் கேட்கவே இல்லை. அன்று இரவு என் மனைவி வழக்கம்போல் சாப்பாடு போட்டாள். அலமாரியில் குண்டு இருந்த இடத்தில் பூச்சாடி வந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில், பெருமழை ஓய்ந்த ஒரு காலையில், கடல் கரையைக் கணிசமாக அரித்துத் தின்றுவிட்டுப் பின்வாங்கியிருந்தது. சாதாரணமாகப் பாட்டில் மூடிக்கு ஒரு சத்தம், சாவிக்கு ஒரு சத்தம் என்று காதுக்குப் பழகிவிடும். அன்று வந்தது இரண்டும் இல்லை; சங்கு ஊதுவதுபோல் நீளமாக ஒரு சத்தம். தோட்டக் கரண்டியால் தோண்டினேன். கறுப்பாக, சிப்பியும் சுண்ணாம்பும் அப்பிப் பிடித்த ஒரு பொருள் வந்தது. பிறைபோல் வளைந்திருந்தது, உள்ளங்கையில் அடங்கியது. விளிம்பில் வரிசையாகச் சிறு முண்டுகள், இரு பக்கமும் கொக்கிபோல் கம்பிகள். கேப்டன் அதைக் கையில் வாங்கியதும் தொப்பியைக் கழற்றிவிட்டார். குண்டுக்கே கழற்றாதவர்.

"சார், இது சாதாரணப் பொருள் இல்ல. ராணி வீட்டுக் கொண்டை அணி. இந்தக் கொக்கி முடியில மாட்டறதுக்கு. இங்க பாருங்க, சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கு."

சம்பந்தி, அவர் 'பல்லு' என்று சொன்னதை இப்போது நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு, அதன் முற்றத்தில் நின்று இருவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விட்டோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வினிகரில் ஊறவைத்தேன். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது, தாங்கள் வரும்போது மட்டும் வெளியே எடுக்கும் கண்ணாடிக் கிண்ணம். அதற்காகவும் மன்னிக்க வேண்டும், பிறகு நன்றாகக் கழுவிவிட்டோம். என் மனைவி அடுப்படிக்கு வந்து கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தவள் பின்வாங்கிவிட்டாள்.

"ஏங்க, இது ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்குது?"

"ராணியோட கொண்டை அணிடி."

"ராணி தலையில வெச்சிருந்தா சரி. இப்ப என் அடுப்படியில இருந்து சிரிக்குது. முதல்ல இத வெளிய எடுத்துட்டுப் போங்க."

அப்படித்தான் அது அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊர் அருங்காட்சியகம் பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. அதிகாரி ஒரு இளம்பெண், கெட்டிக்காரி. டிக்கெட் கொடுப்பதும் அவர், விளக்கம் சொல்வதும் அவர், காவலாளி லீவு போட்டால் ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்காருவதும் அவர்தான். அவசரப்பட்டு எதையும் சொல்லிவிட மாட்டார். அங்கே உள்ள அட்டைகளைப் படித்தால் தெரியும்: 'தானியப் பானையாக இருக்கலாம்', 'விளக்கின் அடிப்பாகமாக இருக்கலாம்', 'விளையாட்டுப் பொருளாகவோ எடைக்கல்லாகவோ இருக்கலாம்'. அந்தக் கட்டடத்தில் உறுதியாக எழுதியிருந்த ஒரே அட்டை 'தொடாதீர்கள்' என்பதுதான். என் பொருளையும் கையுறை போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இப்ப எதையும் முடிவாச் சொல்ல முடியாது சார். நிபுணர் வந்து பார்க்கணும். அதுவரைக்கும் மேல இருக்கற சிப்பியைச் சுரண்டாதீங்க. வினிகர்ல எல்லாம் போடாதீங்க" என்றார். போட்டதை நான் சொல்லவில்லை. கேப்டன்தான் ராணி, கொண்டை, கொக்கி என்று விடாமல் பேசி, 'புதிய வரவுகள்' என்ற கண்ணாடிப் பெட்டியில் அதற்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'அரைவட்ட உலோகப் பொருள், கொண்டை அணியாக இருக்கலாம். கண்டெடுத்தவர்: ஓய்வு பெற்ற மீட்டர் மேற்பார்வையாளர்.'

இதைத் தங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த அட்டையை நான் பலமுறை போய்ப் படித்தேன். அதில் 'இருக்கலாம்' போடாத ஒரே வரி என்னைப் பற்றியது. மீட்டர் துறையில் இத்தனை காலம் இருந்ததில் என் பெயர் ஏறிய அட்டையெல்லாம் புகார் அட்டைதான். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்க்கும்போது நான் தற்செயலாக வந்தவன்போலப் பின்னால் நிற்பேன். என் மனைவிகூட ஒருநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். அட்டையை முழுக்கப் படித்துவிட்டு, "கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதியிருக்கலாம்" என்றாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னைப் பற்றிச் சொன்ன பாராட்டுகளில் இது மேல்வரிசையில் வரும். மேல்வரிசை என்று ஏன் எழுதினேனோ தெரியவில்லை. போகட்டும்.

பிறகு கேப்டனுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வலித்தால் பல் டாக்டரிடம் போவதுதானே முறை. போனார். அந்தப் பல் டாக்டர் தங்களுக்கும் தெரிந்தவர். கல்யாணப் பேச்சுக்காகத் தாங்கள் எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் மாடிப்படியில் தடுக்கி முன்பற்கள் உடைந்தபோது, பதறிப்போய் நான் தங்களை அழைத்துக்கொண்டு ஓடினேனே, அவரேதான். மேல்வாய்க்கு உலோகத் தகட்டில் பல் வரிசை கட்டிக் கொடுத்து, "ஒண்ணாவது கௌரவமா இருக்கட்டும்" என்று தாங்கள் கேட்டுக்கொண்டபடி ஒரு பல்லுக்கு மட்டும் தங்க உறை போட்டுக் கொடுத்தவர். கேப்டன் நாற்காலியில் சாய்ந்து, வாயில் பஞ்சு அடைத்து, தாடை மரத்துப்போக ஊசியும் போட்டாகிவிட்டது. மருந்து ஏறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கமாட்டாமல், போனை எடுத்து, கண்ணாடிப் பெட்டியின் படத்தைக் காட்டியிருக்கிறார். டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாராம்.

"இது என்ன?"

"ஹொங்ஹை அஹி" என்றாராம் கேப்டன்.

"கொண்டை அணியா? இதுக்குக் கொண்டையில என்னங்க வேலை? வாயில இருக்க வேண்டிய சாமான் இது."

அப்படியே கேப்டனை நாற்காலியில் விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் நம்பவில்லை. என் பக்கம் அட்டை இருக்கிறது, கேப்டன் இருக்கிறார், ராணி இருக்கிறாள். டாக்டர் பக்கம் அவர் மட்டும்தான். "வாங்க, நேர்ல பாத்துடலாம்" என்றார். மறுநாள் நான், என் மனைவி, இன்னும் ஒரு பக்கம் கன்னம் வீங்கிய கேப்டன், டாக்டர் எல்லோரும் அருங்காட்சியகத்தில் கூடினோம். டாக்டர் ஒரு சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்திருந்தார். அதிகாரியிடம் விவரம் சொல்லி, அவர் சம்மதத்தோடு, கையுறை போட்டு, ஏதோ ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பல் கூச்சம் உள்ளவருக்குச் சுத்தம் செய்வதுபோல் மெதுவாகச் சிப்பியைப் பெயர்த்தார். முதலில் தகடு தெரிந்தது. பிறகு ஒரு முண்டு வெள்ளையானது. அடுத்தது வெள்ளையானது. அதற்கடுத்தது தங்கமானது.

கேப்டன் மெதுவாகத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் சாப்பாட்டுப் பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு வெள்ளைச் சுண்ணாம்பு வார்ப்பை மேசையில் வைத்தார். பல் கட்டும்போது ஒவ்வொருவர் வாய்க்கும் அச்சு எடுத்து வைப்பாராம், ஒன்றையும் எறிய மாட்டாராம். அது தங்கள் மேல்வாய். சம்பந்தி, தங்கள் வாயைத் தாங்கள் இல்லாத இடத்தில் பார்ப்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அனிச்சையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். டாக்டர் கொண்டை அணியை எடுத்து அந்த வாயில் வைத்து அழுத்தினார். 'டக்' என்றது. அவ்வளவுதான். அவர் கையை எடுத்த பிறகும் அது அங்கேயே இருந்தது. தலைகீழாகப் பிடித்துக் காட்டினார், விழவில்லை. அதிகாரி தானும் ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பெட்டியில் இருந்த அட்டையில் 'கொண்டை அணியாக இருக்கலாம்' என்பதை அடித்துவிட்டு, 'பல் செட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். அந்த அருங்காட்சியகத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காணப்பட்ட முதல் பொருள் தங்களுடையது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மனைவி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "சம்பந்தி கடைசியா இங்க வந்தப்ப பீச்சுக்குப் போனோமே" என்றாள். போனோம். சென்ற கோடையில். பேரன் தண்ணீருக்குள் போகிறான் என்று தாங்கள் முழங்கால் ஆழத்தில் நின்று, "டேய், வாடா வெளியே!" என்று பெரிதாகக் குரல் கொடுத்தீர்கள். குரல் கொடுத்த வாய் மூடுவதற்குள் ஓர் அலை வந்து தங்களை உட்கார வைத்தது. மாப்பிள்ளையும் நானுமாகத் தூக்கி நிறுத்தினோம். அதற்குப் பிறகு தாங்கள் வாயில் வைத்த துண்டை எடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் 'ம்' என்றீர்கள். என் மனைவி விடியலிலிருந்து சமைத்து வைத்ததில் ஒன்றையும் தொடவில்லை. பாலும் பழச்சாறும் போதும் என்று கையைக் காட்டினீர்கள். இரண்டு நாள் இருப்பதாக வந்தவர் மறுநாளே பஸ் ஏறிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்தது தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. சம்பந்தி ஏன் கோபித்துக்கொண்டு போனார் என்று நாங்கள் பேசாத நாள் கிடையாது. உப்பு கூடியதா, வாசலில் வரவேற்க நான் ஒரு நிமிஷம் தாமதித்தேனா, படுக்கையில் பழைய உறை போட்டிருந்ததா, மாடிப்படியைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வந்துவிட்டதா. என் மனைவி அன்று சமைத்த எதையும் அதற்குப் பிறகு சமைக்கவே இல்லை. நான் ஆசைப்பட்டுக் கேட்டால், "வேண்டாம், அது நமக்கு வரல" என்பாள். அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, மேசையில் சிரித்துக்கொண்டிருந்த தங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் சமையல்ல ஒரு குறையும் இல்ல" என்றாள்.

"இல்லம்மா" என்றார் அதிகாரி, என்ன ஏதென்று தெரியாமலே.

அவள் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்ப அந்தம்மா எடுக்கலையா?" என்றாள்.

சம்பந்தி, இனி எழுதப்போவதை எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. பெண்ணைக் கொடுத்தவன் தன் எல்லையை அறிந்தவன். ஆனால் என் மகள் போனில் சொன்னது என் காதில் இருக்கிறது. பேரன் பிறந்ததிலிருந்து தங்கள் வீட்டில் அடுப்பையும் அவனையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டவர் அந்தம்மா. தாங்கள் ஊர் திரும்பிய மறுநாளே, ராத்திரி டம்ளரில் கழற்றி வைத்த பல் செட் காலையில் காணோம் என்று சொன்னீர்கள். அறைக்குள் யார் யார் வந்தார்கள், யாருக்குத் தங்கத்தின் மேல் ஆசை இருக்கும் என்று ஒவ்வொருவராகக் கழித்து, மிச்சம் வந்தவர் அந்தம்மா என்று முடிவு செய்தீர்கள். வேலை முடிந்து கிளம்பியவரை அடுக்குமாடிக் கட்டட வாசலில் நிறுத்தி, வாட்ச்மேனைக் கொண்டு பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். ஒரு சீப்பு, மூக்குக் கண்ணாடிக் கூடு, பாதி தீர்ந்த தைலப் புட்டி, மாற்றுத் துணி. கீழ்வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், கார் துடைக்கிறவர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அவர் குனிந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாராம். அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. பக்கத்துத் தெரு சலவைக் கடையில் நின்றபடி இஸ்திரி போடுகிறாராம். கால் வலி உள்ளவர்.

அன்றிலிருந்து என் மகள் தங்களிடம் "மாமா, சாப்பாடு எடுத்து வெச்சுட்டேன்" என்பதைத் தவிர வேறு பேசுவதில்லை என்பதைத் தாங்கள் கவனித்தீர்களோ இல்லையோ தெரியாது. தாங்களும் புதிதாகப் பல் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டதாகச் சொன்னாள். "திருட்டுப் போனது கிடைக்கிற வரைக்கும் கணக்க முடிக்க முடியாது" என்றீர்களாம். அந்த உறுதியைப் பார்த்துத்தான் எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

தாங்கள் மறந்திருப்பீர்கள். அலை அடித்த வேகத்தில் பல் போனதே தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். மறுநாள் வரை வாயில் துண்டை வைத்திருந்தது சளிக்காக இருக்கலாம். டம்ளரில் கழற்றி வைத்ததாக நினைத்தது அதற்கு முந்திய வாரத்து ஞாபகமாக இருக்கலாம். கடலில் பல்லை விட்டுவிட்டு வந்தோம் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு, அப்புறம் தங்கள் வீட்டிலும் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசியில் ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்ததாகவும் இருக்கலாம். நானும் அந்த அதிகாரியைப்போல ஒவ்வொன்றுக்கும் ஓர் 'இருக்கலாம்' போட்டு எழுதிப் பார்க்கிறேன். 'டக்' என்ற சத்தம் எதிலும் வரவில்லை.

ஆகவே என் யோசனை இது. பல் செட் இப்போது அருங்காட்சியகப் பொறுப்பில் இருக்கிறது. உரியவர் கையெழுத்தோடு எழுதிக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தாங்கள் இரண்டு வரி எழுதி எனக்கு அனுப்பினால் போதும். நான் வாங்கி, பருத்தித் துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்புகிறேன். பழைய கோட்டுப் பையில் கிடந்தது என்று தாங்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். கோட்டுப் பையில் எதுவும் கிடக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தம்மாவை நல்ல வார்த்தை சொல்லித் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கடல், அலை, கொண்டை எதுவும் வெளியே வராது. விஷயம் தெரிந்தவர்கள் நான், என் மனைவி, கேப்டன், பல் டாக்டர், அதிகாரி, அருங்காட்சியகக் காவலாளி, அன்று அங்கே வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் ஆகியோர் மட்டுமே. எல்லோரும் நம்பிக்கையானவர்கள். தங்கள் கௌரவத்துக்கு என்னால் ஒரு கீறலும் வராது என்று உறுதி கூறுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் ஆசிகள், பேரனுக்கு முத்தங்கள். தாங்கள் நீண்ட ஆயுளோடும், எதையும் மென்று சாப்பிடும் ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டுமென மனமார வேண்டும்,

தங்கள் பணிவுள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் தங்கள் கையெழுத்து வேண்டும் என்பதையும், பார்சல் என்பதையும், கோட்டுப் பை என்பதையும், விஷயம் வெளியே வராது என்பதையும் தயவுசெய்து படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். கடிதத்தை உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி வாங்கிப் படித்துவிட்டாள். கோட்டுப் பை வந்த இடத்தில் நிறுத்தினாள். "பல்லு அவர் வாய்க்குப் போயிடும். அந்தம்மா மேல போட்ட பழி எங்க போகும்? அதுவும் கோட்டுப் பைக்குள்ளயா?" என்றாள். அவள் தனியாகவே அருங்காட்சியகத்துக்குப் போனாள். அதிகாரி கையெழுத்து கேட்டதற்கு, "கையெழுத்து எதுக்கும்மா? வாயில போட்டா தெரிஞ்சிடப் போகுது" என்று சொல்லி, பொருளை வாங்கி, டாக்டரிடம் கொடுத்துப் பாலிஷ் போட்டு, இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

ஆகவே இந்தப் பின்குறிப்பை நான் எங்கள் வீட்டில் எழுதவில்லை. தங்கள் கட்டடத்தில், கீழே, வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மகள் சலவைக் கடைக்குப் போய் அந்தம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் மனைவி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அலையைச் சொல்லும்போது கையை உயர்த்திக் காட்டினாள். தாங்கள் உட்கார்ந்ததையும் உட்கார்ந்து காட்டினாள். அந்தம்மா சிரிக்கவில்லை. கேட்டு முடித்தபின் வாசலில் பை கொட்டப்பட்ட அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல வாங்கம்மா. மாமா உங்ககிட்டப் பேசுவாரு" என்றாள் என் மகள்.

"நான் மேல வரலம்மா. வேலைக்கும் வரல. கடையில என்னை நம்பி சாவி குடுத்திருக்காங்க" என்றார் அந்தம்மா. "அவரைக் கீழ வரச் சொல்லுங்க. இதே எடத்துல, அன்னைக்கு நின்னு பாத்தவங்க எல்லாரும் இருக்கறப்ப, நான் எடுக்கலன்னு அவர் வாயால சொல்லட்டும். அது போதும்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பல்லைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க. வார்த்தை தெளிவா விழணும்" என்றார்.

ஆகவே பல்லை இந்த உறைக்குள்ளேயே வைத்து வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்புகிறேன். கீழ்வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், எதிர்வீட்டுக்காரர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், கார் துடைக்கிறவர் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். அவசரம் ஒன்றுமில்லை, நிதானமாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். லிப்ட் வேலை செய்கிறது, நானே ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன்.